கர்ணப் புறா ஜோடி: ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், பறக்கும்போதே பின்கரணம் போடும் கர்ணப் புறாக்களைப் பற்றி வந்த கட்டுரையில் படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் ஜோடி சேர்ப்பது பற்றி அதில் இருந்த இரண்டு வரிகள் புதிதாக வளர்ப்பவர்களைத் தவறான வழியில் இழுத்துவிடும். 'கூட்டத்திலேயே அதிக ஆழம் அடிக்கும் ஆணையும் பெண்ணையும் ஜோடி போட்டால் குஞ்சுகள் இன்னும் ஆழமாக அடிக்கும்' என்பது முதல் வரி. 'நிறப் பொருத்தமும் பார்க்க வேண்டும்' என்பது இரண்டாவது. முதல் வரியை நம்பி ஜோடி போடுகிறவர் ஆறே மாதத்தில் அடிபட்ட குஞ்சுகளைத் தரையிலிருந்து பொறுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆழம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். கூட்டத்தோடு வட்டமடிக்கும் புறா ஒரு கணம் தயங்கி, இறக்கையை மேலே தூக்கி அடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பின்கரணம் போட்டுக்கொண்டே கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும் தூரம்தான் ஆழம். பத்தடியும் உண்டு, நாற்பது அடியும் உண்டு. ஆனால் அது தரத்தின் ஒரு பங்குதான். வேகம் வேண்டும். நல்ல புறா சுற்றும்போது தனித்தனிக் கரணம் கண்ணில் படாது, நூல்கண்டு ஒன்று நேர்கீழே விழுவதுபோலத் தெரியும். பக்கவாட்டில் பார்க்க வாய்த்தால் நடுவில் துளையுள்ள வளையம்போல் இருக்கும். வடிவம் வேண்டும். இரண்டு இறக்கையும் சமமாக அடிக்க வேண்டும், உடம்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் முடிப்பு. தானாக, சட்டென்று நின்று, நிமிர்ந்து, உடனே ஏறிக் கூட்டத்தோடு சேர வேண்டும். இந்த முடிப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. ஜோடி போடும்போது முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

பர்மிங்ஹாம் ரோலர் என்ற கர்ணப் புறா இனத்துக்கான உலகக் கோப்பைப் போட்டியிலும் ஆழத்துக்கு மட்டும் புள்ளி கிடையாது. 15 முதல் 20 புறா கொண்ட கூட்டம், 20 நிமிடம். குறைந்தது ஐந்து புறாக்கள் ஒரே நொடியில் சேர்ந்து கரணம் போட்டால்தான் நடுவர் கணக்கில் எடுப்பார். அந்த எண்ணிக்கையைத் தரம், ஆழம் என்ற இரண்டு மதிப்பால் பெருக்குவார்கள். கூட்டத்தைவிட்டுத் தனியே திரிந்து ஐம்பது அடி அடிக்கும் புறாவுக்கு அங்கே பூஜ்யம்தான். அக்பரின் அரண்மனைப் புறாக்களைப் பற்றி எழுதிய அபுல் பசல்கூட நல்ல புறா 15 சர்க் (முழு வட்டமாகப் புரளுவது), 70 பாஜி (மல்லாந்து சட்டென்று திரும்புவது) செய்யும் என்று வித்தையை வகை பிரித்து எண்ணித்தான் குறித்திருக்கிறார். எண்ணிப் பார்த்த பிறகே ஜோடி என்பது பழைய முறைதான்.

இனி ஆழத்தோடு ஆழத்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது. கரணம் போடும் குணம் விளக்கு எரிவது, அணைவது மாதிரி இரண்டே நிலை கொண்டதல்ல. கர்ணப் புறாவையும், தூரத்திலிருந்து வீடு திரும்பும் பந்தய ஹோமர் புறாவையும் சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் வழக்கமாகக் கரணம் போடுவதில்லை. அந்தக் குஞ்சுகளை மறுபடி கர்ணப் புறாவோடு சேர்த்தால் சிலவற்றில் குணம் திரும்ப வரும். ஆக, இது மறைந்து நின்று வெளிப்படும் குணம். அதோடு எத்தனை முறை சுற்றும், எவ்வளவு ஆழம், எங்கே நிறுத்தும் என்பவையெல்லாம் ஒரே கட்டாக வராமல் தனித்தனியாகவும் மாறுகின்றன. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று இங்கே அடித்துப் பேச முடியாது. வளர்ப்பவர்கள் நடைமுறையில் இதை இரண்டு சக்தியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்று சுற்றவைக்கும் தூண்டல், மற்றொன்று அதைப் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு. நாற்பது அடி போகும் புறா தன் கட்டுப்பாட்டின் விளிம்பில் நிற்கிறது. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்க்கும்போது தூண்டல் இரு பக்கத்திலிருந்தும் குவிகிறது, கட்டுப்பாடு அதே அளவு குவியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிடைக்கும் குஞ்சுகளில் ஒன்றிரண்டு அபாரமாக இருக்கும். சில சுற்றவே சுற்றாது. மற்றவை நிறுத்தத் தெரியாமல் கூரையிலோ தரையிலோ வந்து மோதும். 'கரணம் தப்பினால் மரணம்' என்ற பழமொழி கர்ணப் புறா விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை.

தூண்டலை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் போய்ச் சேரும் இடம் எது என்று தெரிய வேண்டுமா? பார்லர் ரோலர் என்ற இனத்தைப் பாருங்கள். வளர்ந்த பிறகு அதனால் பறக்க முடியாது. பறக்க எத்தனித்த உடனேயே தரையில் பின்கரணம் போட்டு உருள ஆரம்பித்துவிடும். அது தனிக் கலை, அதற்கு விரும்பிகள் இருக்கிறார்கள். ஆனால் வானத்தில் கூட்டமாகப் பறந்து சுற்ற வேண்டிய புறாவை அந்தத் திசையில் தள்ளக் கூடாது.

சரி, எந்தப் புறாவை எதோடு சேர்ப்பது? விடை கூண்டுக்குள் இல்லை, நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கால் வளைய எண்ணை வைத்து ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு பக்கம். வாரத்தில் மூன்று நாளாவது கூட்டத்தை விடும்போது, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று புறாக்களை மட்டும் குறிவைத்து 20 நிமிடம் பார்த்து எழுத வேண்டும். இருபதையும் ஒரே நேரத்தில் பார்க்கப் போனால் எதையும் பார்த்ததாகாது. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: '17, பெண். 20 நிமிடத்தில் 9 தடவை. 15 முதல் 20 அடி. வேகம் 7, வடிவம் 8. 9 தடவையும் நேராக முடித்து மூன்று நான்கு நொடியில் கூட்டத்தில் சேர்ந்தது. ஒரு தடவை மட்டும் மற்றவை சுற்றாத நேரத்தில் தனியாக அடித்தது. காற்று மிதம்.' இப்படி முப்பது பதிவு சேர்ந்த பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசலாம். மூன்று பதிவை வைத்துக்கொண்டு பேசினால் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

தீவனத்தையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்லது. வயிறு நிறையத் தின்ற புறா சோம்பும். பசி அதிகமானால் பறக்கும் நேரம் குறையும். இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்துத் திறந்துவிட்டால் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றும். இறகு உதிர்க்கும் பருவத்தில் வடிவம் குலையும். வல்லூறு விரட்டிய பிறகு சில நாளைக்குக் கூட்டமே வெறித்துப் பறக்கும். ஆகவே ஒரே கூட்டத்தில், ஒரே தீவனத்தில், ஒரே நாளில் பறந்த புறாக்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வேறொருவர் கூண்டில் பார்த்த புறாவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது வீண்.

ஜோடிக்கு எடுக்கக் கூடாத குறைகள் சில உண்டு. பாதிச் சுற்றில் உடம்பு பக்கவாட்டில் திரும்பிப் பம்பரம்போல் சுழல்வது ஒன்று. இறக்கைகளை மாற்றி மாற்றி அடிப்பது இன்னொன்று, கீழிருந்து பார்த்தால் இடது வலது என்று பளிச்சிடுவது தெரியும். வாலை விரித்துப் பின்னால் சாய்ந்து, கரணத்துக்குள் போக முடியாமல் தத்தளிப்பதும் குறைதான். சில மாதக் குஞ்சுகள் பெரும்பாலும் இந்தத் தத்தளிப்பைக் கடந்துதான் வரும், அதை வைத்து எடைபோட வேண்டாம். ஒரு வயது தாண்டியும் அது தொடர்ந்தால் விட்டுவிடலாம். கூண்டுக் கூரையில் இறங்க வரும் நேரத்தில் கரணம் போடும் புறா பார்வைக்கு வேடிக்கை, ஆனால் அது கட்டுப்பாட்டுக் குறையின் முதல் அறிகுறி. தரையில் ஒரு தடவை மோதிப் பிழைத்த புறாவை, எத்தனை அழகாகச் சுற்றினாலும், ஜோடிக் கூண்டில் சேர்க்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம் என்பது என் கருத்து.

வயது விஷயத்தில் பொறுமை தேவை. பெரும்பாலான குஞ்சுகள் மூன்றிலிருந்து எட்டு மாதத்துக்குள் சுற்றத் தொடங்கும். சில குடும்பங்களில் ஒரு வயதுகூட ஆகும். பத்து வாரத்திலேயே இருபது அடி அடிக்கும் குஞ்சைப் பார்த்துப் பூரித்துப் போகிறோம். சதையும் இறகும் முற்றாத உடம்பில் தூண்டல் முந்திக்கொண்டு வந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அவற்றில் பல, ஒரு வருடம் நிறைவதற்குள் தரைக்கு வந்துவிடும். முழுதாக ஓர் இறகு உதிர்ப்பைத் தாண்டி, குறைந்தது பதினெட்டு மாதம், முடிந்தால் இரண்டு வருடம் வானத்தில் நிலைத்து நின்ற புறாதான் ஜோடிக்குத் தகுதி. இரண்டாம் வருடத்தில் ஆழம் கூடிக்கொண்டே போகிறதா, ஒரே அளவில் நிற்கிறதா என்பதைக் கவனித்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். நிற்கிற புறா வேண்டும்.

அதன் பிறகுதான் கையில் எடுத்துப் பார்ப்பது. சிலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், கண்ணின் கருவிழியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தே 'இது நல்ல குஞ்சு கொடுக்கும்' என்று தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. கண் வளையத்துக்கும் கரணத்துக்கும் முடிச்சுப் போட நியாயம் எதுவும் தெரியவில்லை. உடம்பு விஷயத்தில் பார்க்க வேண்டியவை எளிமையானவை. புறாவை உள்ளங்கையில் உட்காரவைத்து, கால்களை இரு விரலுக்கு நடுவில் பிடித்தால் முன்னும் பின்னும் சாயாமல் சமநிலையில் இருக்க வேண்டும். மார்பெலும்பு நீளமாகப் படகுபோல் ஆழமாக இருந்தால் அது தூரம் பறக்கும் உடம்பு, சுழலும் உடம்பு அல்ல. கர்ணப் புறாவுக்கு உடம்பு குறுகலாகவும் கச்சிதமாகவும் இருக்க வேண்டும். இறகு பட்டுப்போல் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். இறக்கையை விரித்துப் பார்த்தால் பத்து முதன்மை இறகுகளும் முழுதாக இருக்க வேண்டும். உள்பக்க இறகுகள் அகலமாக, இடைவெளி விடாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் இடுப்பெலும்பு இரண்டும் நெருங்கி உறுதியாக இருக்க வேண்டும். பெண்ணில் முட்டையிடும் காலத்தில் அவை விரிவது இயல்பு, அப்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

குணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூண்டுக் கதவைத் திறந்ததும் மூலைக்குப் பாய்ந்து முட்டிக்கொள்ளும் புறா சுழலிலும் அதே பதற்றத்தைக் காட்டும். பதற்றமான ஆணுக்குப் பதற்றமான பெண்ணைப் போட்டால் குஞ்சுகள் அடிக்கடி சுற்றும், ஆனால் கூட்டமாக நிற்காது, ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியபோது அடிக்கும். மந்தமானதும் மந்தமானதும் சேர்ந்தால் அழகாகக் கூட்டமாகப் பறக்கும், இருபது நிமிடத்தில் இரண்டு தடவைதான் சுற்றும்.

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஜோடி போடுகிறபோது விதி ஒன்றுதான். ஒரே குறை இருவரிடமும் இருக்கக் கூடாது. இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டியது சுத்தமான முடிப்பு. மற்றவற்றில் ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவால் ஈடுகட்டலாம். உதாரணமாக முப்பத்தைந்து அடி அடிக்கும், வேகம் அருமையான, ஆனால் இருபது நிமிடத்தில் நான்கே தடவை சுற்றும் ஆண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்னொரு முப்பத்தைந்து அடிப் பெண்ணைத் தேட வேண்டாம். பதினைந்திலிருந்து இருபது அடி அடித்து, பத்துப் பன்னிரண்டு தடவை கூட்டத்தோடு சேர்ந்து சுற்றும், ஒரு தடவையும் முடிப்புத் தவறாத பெண்ணைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் தங்கைகளும் அப்படியே இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரு புறா தனியாக நன்றாக இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம், குடும்பமே நன்றாக இருப்பது தற்செயல் அல்ல.

ஈடுகட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நீளமான உடம்புக்கு மிகக் குட்டையான உடம்பைச் சேர்த்தால் நடுத்தரம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வராது. சில நீளம், சில குட்டை, சில இரண்டும் கலந்த கோணல் என்று சிதறும். கோணலை எதிர்க் கோணலால் நிமிர்த்த முடியாது. நீள உடம்புக்குச் சரியான உடம்பைப் போட வேண்டும், அடுத்த தலைமுறையில் மறுபடி சரியானதைப் போட வேண்டும். வேகத்துக்கும் ஆழத்துக்கும் இதே கணக்குத்தான். சுற்றவே சுற்றாத புறாவோடு தரையில் விழும் புறாவைச் சேர்த்தால் நடுத்தரம் கிடைக்கும் என்று நினைத்துச் செய்பவர்கள் உண்டு. அந்த ஜோடியின் குஞ்சில் ஒன்று தேறினாலும் அதன் இரத்தத்தில் இரண்டு கோளாறும் மறைந்தே இருக்கும்.

உறவுக்குள் ஜோடி போடுவது பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. நல்ல குடும்பங்கள் எல்லாமே ஓரளவு உறவுக்குள் சேர்த்து உருவானவைதான். அளவு தெரிந்து செய்ய வேண்டும். தகப்பன் மகள், தாய் மகன், கூடப் பிறந்தவை ஆகியவற்றைச் சேர்த்தால் பிறக்கும் குஞ்சில் ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு 25 சதவீதம். தாய் அல்லது தகப்பன் மட்டும் பொதுவான அண்ணன் தங்கை, தாத்தா பேத்தி, சித்தப்பாவும் அண்ணன் மகளும் என்றால் 12.5. ஒன்றின் தாயோ தகப்பனோ மற்றொன்றின் தாயோடோ தகப்பனோடோ கூடப் பிறந்தது என்றால் 6.25. அபூர்வமான ஓர் ஆண் இருந்தால் அதைப் பேத்தியோடு சேர்த்துக் குணத்தை நிலைநிறுத்துவது நியாயமான வழி. கூடப் பிறந்தவற்றைத் தொடர்ந்து இரண்டு மூன்று தலைமுறை சேர்ப்பது அழிவுக்கு வழி. எச்சரிக்கை முதலில் கூட்டில்தான் தெரியும். கரு பிடிக்காத முட்டைகள் கூடும், ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்துப்போகும், பொரித்தவை சிறுத்துப் பின்தங்கும். அதற்குப் பிறகுதான் வானத்தில் கட்டுப்பாடு குலையும். கூட்டில் தெரிந்தவுடனேயே நிறுத்தி, அதே மூலக் குடும்பத்தின் தூரத்துக் கிளையிலிருந்து ஒரு புறாவைக் கொண்டுவர வேண்டும். முற்றிலும் அந்நியமான இரத்தத்தைப் புகுத்தினால் இத்தனை வருடம் சேர்த்த ஒழுங்கு ஒரே சுற்றில் சிதறும். ஆகவே புதுசை முதலில் ஒரே ஒரு ஜோடியில் வைத்துப் பரிசோதித்துவிட்டு மேலே போக வேண்டும்.

இப்போது நிறம். நிறத்துக்கும் கரணத்துக்கும் சம்பந்தம் இல்லை. பொருத்தம் பார்த்து ஜோடி போடுபவர் ஒரு நல்ல பெண்ணை நிறத்துக்காக ஒதுக்கிவிட்டு, சுமாரான பெண்ணை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் நிறத்தால் வேறு இரண்டு பயன் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. புறாவில் சாம்பல் சிவப்பு, நீலம், பழுப்பு ஆகிய அடிப்படை நிறங்கள் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமோடு சேர்ந்து கடத்தப்படுகின்றன. நீல ஆணுக்குச் சாம்பல் சிவப்புப் பெண்ணைச் சேர்த்தால் மகன்கள் எல்லாம் சாம்பல் சிவப்பாக வரும், மகள் ஒன்றுகூட அந்த நிறத்தில் வராது. இறகு முளைக்கும்போதே ஆண் எது, பெண் எது என்று தெரிந்துவிடும். இரண்டாவது பயன், திருட்டுத்தனமான சேர்க்கையைக் கண்டுபிடிப்பது. தாய் தகப்பன் இரண்டும் நீலமாக இருந்து கூட்டில் சாம்பல் சிவப்புக் குஞ்சு இருந்தால் தகப்பன் வேறு யாரோ. உடம்பு முழுக்க ஒரே அடர் சிவப்பாக வருவது வேறு மரபணு, அது மறைந்திருந்து வரலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம். நிறத்தில் தவிர்க்க வேண்டிய ஜோடி ஒன்று உண்டு. ஆல்மண்ட் எனப்படும், பல நிறப் புள்ளிகள் தெறித்த ஆணையும் அதே ஆல்மண்ட் பெண்ணையும் சேர்க்கக் கூடாது. மகன்களில் பாதிக்கு அந்த மரபணு இரட்டையாக வந்து, உடம்பு வெளுத்து, கண் கோளாறோடு பிறக்கும், பல தேறவும் தேறாது.

தகப்பன் யார் என்ற சந்தேகமே வராதபடி செய்வதுதான் ஜோடி போடுவதன் நடைமுறைப் பாதி. திறந்த கூண்டில் பத்து ஜோடியை விட்டால் அடுத்த ஆண் வந்து மிதித்துவிட்டுப் போவது சாதாரணம். பிறகு நோட்டில் எழுதியது எல்லாம் கற்பனைதான். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அறை, இரண்டடி அகலமாவது இருக்க வேண்டும். பெண் வேறு ஆணோடு இருந்தது என்றால் புது ஆணோடு சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும், ஏனென்றால் முந்தைய ஆணின் விந்து அதன் உடலில் ஒரு வாரம் போல உயிரோடு தங்கும். அந்த அவகாசம் இல்லையென்றால் முதல் ஜோடி முட்டையைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆணும் பெண்ணும் முன்பின் பழகாதவை என்றால் அறையை நடுவில் கம்பி வலையால் பிரித்து மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை பார்த்துக்கொள்ள விட வேண்டும். ஆண் குனுகிச் சுற்றுவதும், பெண் வலையோரம் வந்து தலையாட்டுவதும் தெரிந்த பிறகு வலையை எடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் ஆண் பெண்ணின் தலையைக் கொத்தித் தோலுரித்துவிடும்.

சேர்ந்த எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் முதல் முட்டை, பெரும்பாலும் மாலையில். இரண்டாவது முட்டை ஒரு நாள் விட்டு மறுநாள் மதியத்துக்குப் பிறகு. இரண்டாவது விழுந்த நாளிலிருந்து பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு. ஐந்தாம் நாள் இரவில் விளக்குக்கு எதிரே முட்டையைப் பிடித்தால் கரு பிடித்ததில் சிலந்தி வலைபோல் நரம்பு தெரியும். குஞ்சு பொரித்த ஏழாம் நாளையொட்டி அதன் காலில் வளையம் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் பாதம் பெருத்து ஏறாது, அவசரப்பட்டால் கழன்று விழுந்துவிடும். வளையம் போட்ட அன்றே எண், தகப்பன், தாய், எத்தனையாவது முட்டைச் சுற்று என்று நோட்டில் ஏறிவிட வேண்டும், 'நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்' என்றால் யாருடைய குஞ்சு என்பது போயே போச்சு. வருடத்துக்கு மூன்று முட்டைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். மிகச் சிறந்த ஜோடியின் முட்டையைச் செவிலி ஜோடிக்கு மாற்றிக் கூடுதல் குஞ்சு எடுக்கலாம், ஆனால் இரண்டு ஜோடியும் ஒரு நாள் இரண்டு நாள் இடைவெளிக்குள் முட்டையிட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி கூடினால் குஞ்சு பொரிக்கும் நேரத்தில் செவிலியின் தொண்டைப் பையில் புறாப்பால் சுரந்திருக்காது, குஞ்சு இரண்டு நாளில் வாடிப்போகும். முட்டையை எடுத்துவிட்ட தாய் பத்து நாளில் மறுபடி இடும். தொடர்ந்து இப்படி வாங்கினால் ஓடு மெலிந்து, சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, முட்டை அடைபட்டுத் தாயே சாகும் ஆபத்து உண்டு.

ஜோடி நல்ல ஜோடியா என்று தீர்மானிப்பது குஞ்சுகள்தான். எத்தனை குஞ்சு பார்த்து? குறைந்தது எட்டு. எட்டும் ஒரு வருடம் வானத்தில் பறந்த பிறகு. ஒரு ஜோடியின் எட்டுக் குஞ்சில் ஒன்று வானத்து நட்சத்திரம், மூன்று தரையில் விழுந்தவை, நான்கு சுற்றாதவை என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு ஜோடியின் எட்டில் நட்சத்திரம் இல்லை, ஆனால் ஐந்து சுத்தமாக இருபதடி அடிக்கின்றன, ஒன்றும் விழவில்லை. முதல் ஜோடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதை. வல்லூறு தூக்கிக்கொண்டு போனவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தனியாகக் குறிக்க வேண்டும். ஜோடி சரியில்லையென்றால் குற்றம் ஆணிடமா பெண்ணிடமா என்று தெரிய இரண்டையும் பிரித்து, அடுத்த பருவத்தில் ஏற்கனவே சோதித்துப் பார்த்த துணைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு துணையோடும் விழும் குஞ்சு தரும் புறாவை அதன் பிறகு எந்த ஜோடியிலும் வைக்க வேண்டாம். இவ்வளவு கவனிக்க வேண்டுமானால் தொடக்கத்தில் நான்கைந்து ஜோடி போதும். பத்து ஜோடி போட்டால் வருடத்துக்கு அறுபது குஞ்சு, அத்தனையையும் உட்கார்ந்து பார்த்து எழுத ஒரு மனிதனால் முடியாது.

கடைசியாக, கட்டுரையின் ஒரு படத்தைப் பற்றி. கழுத்து திருகித் தலை மேல்நோக்கிக் கோணியிருந்த ஒரு குஞ்சைக் காட்டி 'பயிற்சியில் இருக்கும் இளம் கர்ணப் புறா' என்று கீழே போட்டிருந்தீர்கள். அது பயிற்சி அல்ல. பாராமிக்ஸோ வைரஸ் தாக்கிய புறா பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். தீவனத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாது, பச்சையாகத் தண்ணீர்போல் கழியும், பயந்தால் பின்னால் சாய்ந்து உருளும். அந்த உருளலைக் கரணம் என்று நினைத்து இனப்பெருக்கத்துக்கு வைத்தவர்களும் இருக்கிறார்கள். இது மரபுக் குணம் இல்லை, தொற்று நோய். மற்ற புறாக்களுக்கும் பரவும், தடுப்பூசி இருக்கிறது. கழுத்துத் திருகலுக்குச் சால்மோனெல்லாவும் காரணமாகலாம். அதே கிருமி முட்டை கெடுவதற்கும், ஓட்டுக்குள் குஞ்சு சாவதற்கும் காரணம், அப்போது உறவுக்குள் சேர்த்ததால் வந்த கேடு என்று நினைத்து நல்ல ஜோடியைப் பிரித்துவிடுவோம். ஆகவே முட்டை தொடர்ந்து கெட்டால் ஜோடியை மாற்றுவதற்கு முன் எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் சோதிக்கக் கொடுக்க வேண்டும். படத்துக்கான குறிப்பை அடுத்த இதழில் திருத்துவீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் குஞ்சு இன்னும் கூட்டத்தோடு இருந்தால் அதன் உரிமையாளர் உடனே தனியாகப் பிரித்து வைக்கும்படி தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கர்ணப் புறா வளர்க்கும் வாசகர்